பாட்டரிக்கு என்ன வயது?

கார் வைத்திருக்கும் வீடு ஒன்றில் நுழைந்து, எதற்கெல்லாம் வயது தெரியும் என்று விசாரித்துப் பாருங்கள். குழந்தைக்கு எத்தனை வயது, மாமனாருக்குச் சஷ்டியப்தபூர்த்தி எந்த மாதம், காஸ் சிலிண்டர் வந்து எத்தனை நாளாயிற்று, மிக்ஸி வாங்கி எத்தனை தீபாவளி கழிந்தது - எல்லாவற்றுக்கும் பதில் நுனி நாக்கில் இருக்கும். "காரில் இருக்கிறதே பாட்டரி, அதற்கு என்ன வயது?" என்று கேளுங்கள். அம்மா ஐயாவைப் பார்ப்பார். ஐயா டிரைவரைப் பார்ப்பார். டிரைவர் ஆகாயத்தைப் பார்ப்பார்.

பாட்டரியின் சுபாவமும் இதற்கு ஒரு காரணம். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பெட்ரோல் குறைந்தால் முள் சொல்கிறது. பாட்டரியோ பானெட்டுக்கு அடியில் ஒரு மூலையில், கறுப்புப் பெட்டியாக, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. திங்கட்கிழமை இரவு ஒழுங்காக வீடு வந்து சேர்ந்த வண்டி, செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, பள்ளிக்கூட மணி அடிக்கப் போகிற சமயத்தில், சத்தியாக்கிரகம் செய்கிறது.

"என்னங்க, வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறதே!"

"மறுபடியும் சாவியைத் திருப்பிப் பாரேன்."

"பத்துத் தடவை திருப்பியாயிற்று. டிக் டிக் என்று பல்லி மாதிரி சத்தம் போடுகிறது."

"நேற்று நன்றாகத்தானே ஓடியது?"

நேற்று நன்றாகத்தான் ஓடியது. பாட்டரி விஷயத்தில் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. பல்லி சொல்வதற்குப் பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பவர்கள் உண்டு. இந்தப் பல்லி சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பலன்தான்: பாட்டரியில் சக்தி இல்லை.

வீட்டு வாசலில் இது நடந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆட்டோவைக் கூப்பிட்டுக் குழந்தையை அனுப்பிவிடலாம். எனக்குத் தெரிந்த மயிலாப்பூர்ப் பெண்மணி ஒருவருக்கு நேர்ந்தது வேறு. கணவர் வெளியூரில். நாலு வயதுக் குழந்தைக்கு ராத்திரி திடீரென்று ஜுரம் ஏறிவிட்டது. காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பார்த்து, மருந்து கொடுத்து, "பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பும்போது மணி பன்னிரண்டரை. தோளில் குழந்தை, கையில் மருந்துப் பை, வெளியே மழை. சாவியைத் திருப்பினால் டிக் டிக். காவல்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தள்ளுவதற்கு வந்தார். வண்டியைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்: "இது ஆட்டோமேடிக் வண்டிம்மா. தள்ளினால் கிளம்பாது."

அவர் சொன்னது உண்மை. கியரைக் காலால் கிளட்ச் மிதித்துப் போடுகிற வண்டியைத்தான் தள்ளிக் கிளப்பலாம். தானே கியர் மாறும் வண்டியைப் பத்துப் பேர் தள்ளினாலும் நகருமே தவிர, கிளம்பாது.

இதில் வருத்தம் என்னவென்றால், அந்தப் பாட்டரி முன்னறிவிப்பு இல்லாமல் சாகவில்லை. இரண்டு மாதமாகவே காலையில் வண்டி கிளம்பும்போது ஒரு முனகல் இருந்ததாம். "கிளம்புகிறதே, அப்புறம் என்ன?" என்று யாரோ சொல்ல, அவரும் விட்டுவிட்டார். பாட்டரிக்கு வயது மூன்றரை.

*

சென்னையில் மோட்டார் சாமான்களுக்குப் பேர் போன இடம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே ஒரு பாட்டரிக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பெரியவர், இந்தத் தொழிலில் தலை நரைத்தவர். "ஐயா, ஒரு பாட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று கேட்டேன்.

"மனுஷன் எத்தனை வருஷம் இருப்பான்னு கேக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார் சிரித்துக்கொண்டே. "நம்ம ஊர்லே மூணு, நாலு வருஷம்னு வெச்சுக்குங்க. அஞ்சு வருஷம் வந்தா அதிர்ஷ்டம். ரெண்டரை வருஷத்திலே போனா, ஒண்ணு வண்டியிலே கோளாறு, இல்லே வண்டியை ஓட்டாம நிறுத்தி வெச்சிருக்காங்க."

அவருடைய கணக்கு சரியான கணக்குதான். குளிர்ந்த தேசங்களில் ஐந்து, ஆறு வருஷம்கூட வருகிற பாட்டரி, நம் ஊரில் மூன்று நாலிலேயே ஓய்ந்துவிடுகிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சிறு சரித்திரம். இதில் பெண்களுக்கும் சம்பந்தம் உண்டு.

ஈயத் தகடுகளையும் கந்தகத் திராவகத்தையும் வைத்து, மின்சாரத்தைச் சேமித்து வைத்து மறுபடி எடுக்கலாம் என்று 1859-ல் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது மோட்டார் காரே கிடையாது. பிறகு கார் வந்தபோதும், அதைக் கிளப்புவதற்குப் பாட்டரி உதவவில்லை. முன்னால் போய் நின்று இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டும். அது சில சமயம் திருப்பி உதைக்கும், மணிக்கட்டு முறியும். பழைய அம்பாசிடரும் பியட்டும் வைத்திருந்த குடும்பங்களில் இந்தக் கைப்பிடியைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள்.

இதனால் அமெரிக்காவில் வசதியுள்ள பெண்கள் பலர் மின்சாரக் காரையே விரும்பினார்கள். அதைக் கை வலிக்கச் சுற்ற வேண்டாம் அல்லவா? பெட்ரோல் கார்களை லட்சக்கணக்கில் செய்து விற்ற ஹென்றி போர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்சாரக் கார்தான்! வீட்டுக்கு வீடு இப்படித்தான் போலிருக்கிறது. சார்லஸ் கெட்டரிங் என்பவர், பாட்டரியால் ஓடும் சிறு மோட்டாரைக் கொண்டு என்ஜினைச் சுற்றிவிடும் ஏற்பாட்டைச் செய்தார். 1912-ம் வருஷத்து காடிலாக் காரில் அது வந்தது. அது முதல் கைப்பிடி ஓய்ந்தது. பெண்கள் தாங்களே பெட்ரோல் காரைக் கிளப்பி ஓட்டுவது சுலபமாயிற்று. அந்தக் கைப்பிடியின் வேலையைத்தான் உங்கள் பாட்டரி தினமும் செய்துகொண்டிருக்கிறது.

சாமான்ய வேலை அல்ல அது. சாவியைத் திருப்பும் அந்த ஒன்றிரண்டு விநாடிகளில் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் நூறு, நூற்றைம்பது ஆம்பியருக்குப் போய்விடும். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று இழுப்பது சுமார் 1,000 வாட். ஸ்டார்ட்டர் அதையும் தாண்டிவிடும். என்ஜின் கிளம்பிய பிறகு, ஆல்டர்னேட்டர் என்ற யந்திரம் மின்சாரத்தை உற்பத்தி செய்து, செலவழித்ததைப் பாட்டரிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. காலையில் கடன் வாங்கி மாலைக்குள் அடைக்கிற மாதிரி.

வெயில் தின்கிற பண்டம்

பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகள், தண்ணீர் கலந்த கந்தகத் திராவகத்தில் முழுகி நிற்கின்றன. ஓர் அறைக்கு 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆறு சேர்ந்தால் சுமார் பன்னிரண்டரை. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின் மேல் ஈய ஸல்பேட் என்ற உப்புப் படிகிறது. திரும்ப மின்சாரம் ஏறும்போது அது கரைந்து பழைய நிலைக்குப் போகிறது. இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடக்கிற வரையில் பாட்டரிக்கு ஆயுள்.

கெடுதல் மூன்று வழியில் வருகிறது. பாட்டரியை அரைகுறையாகக் காலி செய்து அப்படியே போட்டு வைத்தால், படிந்த உப்பு கெட்டிப்பட்டுப் போகிறது. பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் கரைவதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்புத் தண்ணீர் கல்லாகப் படிகிறதே, அதைப் போல. இரண்டாவது, தகட்டைத் தாங்கி நிற்கும் ஈயச் சட்டம் நாளாக ஆக அரித்து இற்றுப்போகிறது. மூன்றாவது, திராவகத்திலுள்ள தண்ணீர் வற்றுகிறது.

பின்னால் சொன்ன இரண்டையும் துரிதப்படுத்துவது வெப்பம். உஷ்ணம் 10 டிகிரி கூடினால் இந்த ரசாயன வேலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். ஆயுளும் கிட்டத்தட்டப் பாதியாகும் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி இருந்தால், ஓடி நின்ற வண்டியின் பானெட்டுக்குள்ளே எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இட்லிப் பானைதான்!

ஆனால் வெயிலில் அடிபட்ட பாட்டரி வெயில் காலத்திலேயே விழுந்துவிடுவதில்லை. இதுதான் அதன் வஞ்சகம். சித்திரை, வைகாசியில் காயம். ஐப்பசி, கார்த்திகையில் மரணம். மழைக்காலம் வந்ததும் முன்விளக்கு, வைப்பர், கண்ணாடி மூட்டம் போக ஏ.ஸி. என்று எல்லாம் ஒரே சமயத்தில் சக்தியைக் கேட்கின்றன. சாலையில் தண்ணீர் தேங்கி வண்டி ஊர்ந்து போகும். அப்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பதும் குறைச்சல். உள்ளுக்குள் இற்றுப்போன பாட்டரியின் சாயம் அப்போது வெளுக்கிறது.

இதைவிடப் பெரிய பரீட்சை ஒன்று உண்டு: ஊட்டிப் பிரயாணம். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் உதகமண்டலத்தில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். குளிரில் பாட்டரிக்குள் ரசாயன வேலை மந்தமாகிறது. உஷ்ணம் பூஜ்யம் டிகிரிக்கு வந்தால் அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போல் குறைந்துவிடும். அதே சமயம் என்ஜின் எண்ணெயும் கெட்டிப்பட்டு, சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கிறது. சென்னையில் "பரவாயில்லை" என்று ஓடிக்கொண்டிருந்த மூன்றரை வயதுப் பாட்டரி அங்கே ஒரே ராத்திரியில் படுத்துவிடுகிறது. லீவுக்குக் குழந்தைகளுடன் மலைக்குப் போகிறவர்கள் டயரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்கிறார்கள். பாட்டரியையும் பரிசோதித்துக்கொண்டு போவது நல்லது.

மின்சாரத்தையும் ரசாயனத்தையும் சேர்த்து ஆராய்வதற்கென்றே நம் காரைக்குடியில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் அஸ்திவாரம் போட்டு 1953-ல் திறக்கப்பட்டது. பாட்டரி ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. செட்டிநாட்டு வெயிலில் பாட்டரியைச் சோதிப்பதைவிடக் கடுமையான சோதனை வேறென்ன இருக்க முடியும்!

நாடி பார்ப்பது

பாட்டரியின் அந்திம காலத்தை அறிந்துகொள்ள மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். தினமும் காலையில் கிளம்பும் சத்தம் உங்களுக்குப் பழக்கமானதுதானே? அது இழுத்து இழுத்து, மூச்சு வாங்குகிற மாதிரி கேட்க ஆரம்பித்தால் அதுதான் முதல் அறிகுறி. சாவியைத் திருப்பும்போது முகப்பு விளக்குகள் ஒரேயடியாக மங்குவது இன்னொன்று. பெட்டியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, அறிகுறி பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. வண்டியைக் கிளப்பாமல், பாட்டரியைத் தொடாமல், மெக்கானிக்கை வரவழைத்துவிடுங்கள்.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், மின்சாரச் சாமான் கடையில் 500 ரூபாய்க்குள் மல்டிமீட்டர் என்ற சிறு கருவி கிடைக்கிறது. ராத்திரி முழுவதும் ஓய்வாக நின்ற வண்டியில், காலையில் கிளப்புவதற்கு முன்னால், சிவப்புக் கம்பியைக் கூட்டல் குறியிலும் கறுப்புக் கம்பியைக் கழித்தல் குறியிலும் வைத்துப் பாருங்கள். 12.6 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் காட்டினால் நிறை வயிறு. 12.4 என்றால் முக்கால் வயிறு. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் பட்டினிக்குப் பக்கத்தில். இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, அந்த விநாடியில் முள்ளைக் கவனித்தால் இன்னும் விசேஷம்: 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரிக்குப் பலம் போய்விட்டது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, பாரம் ஏற்றியதும் மூச்சு விடுகிற பாட்டரிகள் உண்டு. அதனால் முதல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

என்ஜின் ஓடும்போது அதே இடத்தில் 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். அது இல்லாமல் பன்னிரண்டிலேயே நின்றால், கோளாறு ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். பாவம் பாட்டரி மேல் பழி! (சில புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே இந்த வோல்ட்டை ஏற்றி இறக்கும், அவற்றுக்குக் கம்பெனிக் காரேஜ்தான் சரி.) இதைப் பார்க்காமல் புதுப் பாட்டரி மாட்டினால், இரண்டு வாரத்தில் புதுசும் படுத்துக்கொள்ளும்.

கடைக்காரப் பெரியவர் இதைப் பற்றி மனம் விட்டே பேசினார். "வண்டி கிளம்பலேன்னு வர்றவங்களுக்கெல்லாம் புதுசு தலையிலே கட்டற கடையும் இருக்கும்மா. சார்ஜ் ஏத்தி, லோடு வெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லணும். கேட்டா நாங்க பாத்துக் குடுப்போம். கேக்கணும், அவ்வளவுதான்."

கேட்பதில்தான் நம்மவர்களுக்குத் தயக்கம். புடவைக் கடையில் நாற்பது புடவை பிரிக்கச் சொல்லிவிட்டு, "சாயம் போகுமா?" என்று தைரியமாகக் கேட்கிற நாம், பாட்டரிக் கடையில் மட்டும் ஏன் வாய் மூடி நிற்க வேண்டும்? சிறு காருக்கான பாட்டரி இன்று 4,000 முதல் 6,000 ரூபாய் வரை ஆகிறது. ஒரு நல்ல பட்டுப் புடவைப் பணம்.

சில பாட்டரிகளின் தலையில் சிறு கண்ணாடிக் கண் ஒன்று இருக்கும். பச்சையாக இருந்தால் நலம், கறுத்தால் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். அதை முழுக்க நம்பிவிட வேண்டாம். ஆறு அறைகளில் ஓர் அறையை மட்டும்தான் அந்தக் கண் பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் அது பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும்.

சும்மா இருந்தால் சாகும்

"நாங்கள் வண்டியை அதிகம் எடுப்பதே இல்லை. அதனால் பாட்டரி அப்படியே புதுசாக இருக்கும்" என்று பெருமைப்படும் வீடுகள் உண்டு. உள்ளபடி நடப்பது நேர்மாறு. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் உள்ளே கடிகாரம், பூட்டு, திருட்டு மணி, கம்ப்யூட்டர் என்று பல பேர் விழித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சிறு காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி கொள்ளும். கணக்குப் போட்டால் 700 மணி நேரம். அதாவது 29 நாளில் புதுப் பாட்டரி சுத்தமாகக் காலி. பாதி பலம் போன பழைய பாட்டரி என்றால், வண்டியைக் கிளப்ப முடியாத நிலை ஒரு வாரத்திலேயே வந்துவிடலாம்.

2020-ம் வருஷம் மார்ச் 25-ந் தேதி முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு இருந்ததல்லவா? அது தளர்ந்ததும் வண்டியை எடுக்கப் போன எத்தனையோ பேருக்கு வண்டி வாயைத் திறக்கவில்லை. வைரஸ் மனிதர்களைப் பிடித்தது. பட்டினி பாட்டரிகளைப் பிடித்தது.

முன்விளக்கு இரண்டையும் அணைக்க மறந்தால் கணக்கு இன்னும் மோசம். மணிக்குப் பத்து ஆம்பியர் வீதம் மூன்றரை மணி நேரத்தில் முப்பத்தைந்தும் போய்விடும். கல்யாண ரிசப்ஷனுக்குப் போய் மெதுவாகச் சாப்பிட்டுத் தாம்பூலப் பையுடன் திரும்பினால் போதும். உள் விளக்கு சிறியதுதான்; ஆனால் சனிக்கிழமை குழந்தைகள் போட்டுவிட்டுப் போனது திங்கட்கிழமை காலைக்குள் பழைய பாட்டரியின் கதையை முடித்துவிடும்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை எடுத்து அரை மணி நேரம் ஓட்டுவதுதான் வைத்தியம். வாசலில் நிறுத்தியபடியே ஐந்து நிமிஷம் உறும விடுவதில் பிரயோஜனம் குறைவு. கிளப்பச் செலவழித்தது திரும்பி வரும், பசி தீராது. மாதக் கணக்கில் வெளிநாட்டில் மகளிடமோ மகனிடமோ போய் இருக்கப் போகிறவர்கள், மெக்கானிக்கைக் கொண்டு கழித்தல் குறிக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்தபின் கடிகாரத்தையும் ரேடியோவையும் சரி செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரி நன்றாக இருந்தும் வண்டி கிளம்பாததற்கு இந்தப் பொடியே காரணமாக இருப்பதுண்டு. அதற்கு மருந்து உங்கள் சமையல் அறையில் இருக்கிறது: ஆப்பசோடா. வண்டி நின்றிருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு ஸ்பூன் சோடாவை ஒரு டம்ளர் வெந்நீரில் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும். மூடி உள்ள பாட்டரியானால் சோடாத் தண்ணீர் அறைக்குள் இறங்கக் கூடாது. ஈரம் துடைத்து, வாஸலின் தடவி விடுங்கள். நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தண்ணீர் ஊற்றுகிற பாட்டரிகள் இப்போது குறைந்து வருகின்றன. உங்களுடையது அந்த ரகமானால், கோடை காலத்தில் மாதம் ஒரு முறை குறியிட்ட மட்டத்தைப் பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றலாம். குழாய்த் தண்ணீர் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது, அதிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. "ஏ.ஸி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர்?" என்று சிக்கனமான சகோதரி ஒருவர் கேட்டார். அது தூசியும் உலோகமும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். பாட்டரித் தண்ணீர் விற்கிற விலைக்கு அந்தச் சிக்கனம் கட்டாது.

இன்னொரு வண்டியிலிருந்து உயிர் வாங்குவதும் ஒரு கலை. நம் ஊரில் முன்பின் தெரியாதவர்கள்கூட வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி உதவுவார்கள். ஆனால் சார்ஜ் ஏறும் பாட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். பக்கத்தில் ஒரு பொறி பறந்தால் வெடிக்கும். ஆகையால் கம்பிகளை மாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. சிவப்புக் கம்பியின் ஒரு முனை செத்த பாட்டரியின் கூட்டல் குறியில். மறு முனை நல்ல பாட்டரியின் கூட்டல் குறியில். கறுப்புக் கம்பியின் ஒரு முனை நல்ல பாட்டரியின் கழித்தல் குறியில். கடைசி முனை, செத்த பாட்டரியில் அல்ல, அந்த வண்டியின் என்ஜினில் பெயிண்ட் படாத இரும்புப் பகுதி ஒன்றில், பாட்டரிக்குத் தள்ளி. கழற்றும்போது நேர் எதிர் வரிசை. சிகரெட் பிடித்துக்கொண்டு யோசனை சொல்ல வருகிறவரைப் பத்தடி தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

வாங்கப் போகும்போது

மூன்று வயது ஆனதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடையில் லோடு வைத்துச் சோதிப்பது, நாலு வயது தாண்டியதும் மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றிவிடுவது - இதுதான் பெரியவரின் யோசனை. எனக்கும் அது சரியாகவே படுகிறது. ராத்திரியில் தனியாகவோ குழந்தைகளுடனோ வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் சரி. மீதி ஆறு மாதத்தைக் கசக்கிப் பிழிந்து மிச்சம் பிடிக்கிற ஐந்நூறு, அறுநூறு ரூபாய், ஆஸ்பத்திரி வாசலில் அகால வேளையில் நிற்பதற்கு ஈடாகாது. பகலில் மட்டும், நாலு தெரு சுற்றுகிற வண்டியானால், முனகல் கேட்கிற வரை பொறுத்திருந்தாலும் குற்றமில்லை.

புதுசு வாங்கும்போது தயாரித்த தேதியைக் காட்டச் சொல்லுங்கள். அது பெட்டியின் மேல் எண்ணும் எழுத்துமாகக் குறியீட்டில் இருக்கும். கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லலாம். அலமாரியில் உட்கார்ந்திருக்கும்போதே பாட்டரி கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை இழக்கிறது. ஐந்தாறு மாதம் ஆகிவிட்ட சரக்கு வேண்டாம். உத்தரவாதச் சீட்டில் மாதங்களைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் எத்தனை மாதம் வரை இலவசமாக வேறு தருவார்கள், எத்தனை மாதத்துக்கு வெறும் விலைத் தள்ளுபடி என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும். சீட்டில் தேதியும் முத்திரையும் இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

சிக்னலில் நின்றதும் என்ஜின் தானே அணைந்து, தானே கிளம்புகிற வண்டிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒரு நாளில் ஐம்பது தடவை கிளம்பும் அந்த வண்டிக்குத் தனி ரகப் பாட்டரி. விலை அதிகம். "சாதாரணம் போட்டாலும் ஓடும்மா" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓடும், சீக்கிரமே நிற்கும்.

மின்சாரக் கார் வாங்கிவிட்டவர்கள், "எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை" என்று நினைக்கலாம். ஓட்டுகிற பெரிய பாட்டரி தனி. ஆனால் கதவு, விளக்கு, கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்காக அந்தக் கார்களிலும் ஒரு 12 வோல்ட் பாட்டரி இருக்கிறது. பலவற்றில் அதே பழைய ஈயப் பாட்டரிதான். அது செத்தால், பெரிய பாட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கண்ணைத் திறக்காது.

பழசை என்ன செய்வது? வீட்டுக் கொல்லையில் போட்டு வைக்கிறவர்கள் உண்டு. பழைய இரும்புக்காரரிடம் போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் கூடாது. ஈயம் விஷம். முக்கியமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். கண்ட இடத்தில் உடைத்துத் திராவகத்தைச் சாக்கடையில் கொட்டி, ஈயத்தை அடுப்பில் உருக்குகிற இடங்களில், அந்தப் புகையும் தூசியும் போய்ச் சேருவது பக்கத்துக் குடிசையில் விளையாடும் குழந்தைகளிடம்தான். பழைய ஈயப் பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக உருக்க வேண்டும் என்று 2001-லேயே சட்ட விதிகள் வந்தன. அவற்றின் இடத்தில் 2022-ல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. தயாரிப்பாளர்களே பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன அவை. கடையில் பழசைக் கொடுத்தால் புதுசின் விலையில் கணிசமாகத் தள்ளுகிறார்கள். எத்தனை ரூபாய் தள்ளினார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நான் புறப்படும்போது பெரியவர் ஓர் அம்மாளுக்குப் புதுப் பாட்டரி மாட்டிக்கொண்டிருந்தார். முதலில் கழித்தல் குறிக் கம்பியைக் கழற்றினார், பிறகு கூட்டல். மாட்டும்போது முதலில் கூட்டல், கடைசியில் கழித்தல். எல்லாம் முடிந்ததும் பையிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் பேனாவை எடுத்து, பாட்டரியின் தலையில் மாதத்தையும் வருஷத்தையும் பெரிதாக எழுதினார்.

"இது எதுக்குங்க?" என்றார் அந்த அம்மாள்.

"அடுத்த தடவை வயசு கேட்டா நீங்களே சொல்லலாம்மா."